கலர் ரோலை வீட்டிலேயே கழுவலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். அப்பாவின் யாஷிகா எம்எஃப்-2 கேமராவில் இரண்டு ரோல் கோடக் கோல்டு 200 எடுத்து முடித்தாயிற்று. ஊரில் ஃபிலிம் கழுவிக் கொடுக்க இப்போது ஸ்டுடியோ எதுவும் இல்லை, சென்னைக்குக் கூரியரில் அனுப்பவும் மனம் வரவில்லை. கறுப்பு வெள்ளை என்றால் வீட்டில் கழுவலாம், கலரெல்லாம் லேபில்தான் முடியும், சூடு கொஞ்சம் பிசகினாலும் போச்சு என்று ஒரு நண்பர் பயமுறுத்தியிருக்கிறார். அது உண்மையா, வீட்டில் கழுவினால் எப்படி ஸ்கேன் செய்வது, சொந்தக்காரர்களுக்கு எப்படி அனுப்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, சித்தப்பா வீட்டு அலமாரியில் அதே மாடல் கேமரா ஒன்று பாதி ஓடிய ரோலுடன் கிடக்கிறது, அதை என்ன செய்வது என்றும்.

கழுவலாம். உங்கள் நண்பர் சொன்னதில் பாதிதான் உண்மை. நான் ஏழெட்டு வருடமாகக் குளியலறையிலேயே கழுவுகிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நம் ஊர் வெயிலுக்குக் கறுப்பு வெள்ளையைவிடக் கலர்தான் சுலபம். ஃபிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்துக்குப் பெயர் டெவலப்பர். கறுப்பு வெள்ளை டெவலப்பர் கேட்பது 20 டிகிரி. மே மாதம் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் 33, 34 டிகிரியில் இருக்கிறது. அதில் ஐஸ் கட்டி போட்டு 20-க்கு இறக்க வேண்டும், இறக்கிய அடுத்த நிமிடமே அது மறுபடி ஏறத் தொடங்கும், நீங்கள் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே அடுத்த ஐஸ் கட்டியைத் தேட வேண்டும். கலர் டெவலப்பர் கேட்பதோ 38 டிகிரி. குழாய்த் தண்ணீரே பக்கத்தில் வந்து நிற்கிறது. ஒரு கெட்டில் வெந்நீர் சேர்த்தால் முடிந்தது. அறையே 34 டிகிரியில் இருக்கும்போது, ஃபிலிமை உள்ளே வைத்து மூடிய டேங்கில் ஊற்றிய மருந்து மூன்றரை நிமிடத்தில் எவ்வளவு ஆறிவிடப் போகிறது? பனி பெய்யும் ஊர்களில் வீட்டில் கழுவுபவர்கள் படும் பாடு நமக்கு இல்லை. அவர்கள் எழுதி வைத்த எச்சரிக்கைகளைப் படித்துத்தான் நாம் இங்கே உட்கார்ந்து பயப்படுகிறோம்.

நண்பர் சொன்னதில் உண்மையான பாதி எது என்றால், சி-41 என்ற இந்த முறையைக் கோடக் 1972-ல் கொண்டுவந்தபோது வகுத்த அளவு அப்படி. டெவலப்பர் 37.8 டிகிரி, மேலே கீழே 0.15 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, நேரம் 3 நிமிடம் 15 விநாடி. நாள் முழுக்க ஊரார் ரோல்களைக் கழுவி, ஒரே இயந்திரத்தில் வரிசையாகப் பிரிண்ட் போடும் லேபுக்கு அந்தக் கறார் தேவை. ஒரு ரோலுக்கும் அடுத்த ரோலுக்கும் நிறம் மாறினால் அவர்கள் தொழில் படுத்துவிடும். நாம் ஒவ்வொரு படமாக ஸ்கேன் செய்து உட்கார்ந்து சரிபார்க்கப் போகிறோம். அரை டிகிரி விலகலை என்னால் கண்ணால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. மூன்று நான்கு டிகிரி விலகினால் மட்டும் கதை வேறு: நிழல் பக்கம் ஒரு நிறத்துக்கும் வெளிச்சப் பக்கம் இன்னொரு நிறத்துக்கும் சாய்ந்துகொள்ளும். ஒன்றைச் சரி செய்தால் மற்றது கெடும், அதை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது.

இன்னொரு சௌகரியம், கலரில் நீங்கள் முடிவெடுக்க ஒன்றுமே இல்லை. கறுப்பு வெள்ளையில் இந்த ஃபிலிமுக்கு இந்த டெவலப்பரில் எத்தனை நிமிடம் என்று அட்டவணை பார்க்க வேண்டும், ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். சி-41-ல் கோல்டு 200, போர்ட்ரா 800, ஃபியூஜி என்று எதைப் போட்டாலும் ஒரே நேரம், ஒரே சூடு. எல்லாவற்றையும் ஒரே டேங்கில் சேர்த்தே கழுவலாம்.

உள்ளே நடப்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் தவறு நேரும்போது கை நடுங்காது. வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பை டெவலப்பர் உலோக வெள்ளியாக மாற்றுகிறது. அந்த வேலையில் டெவலப்பர் தன்னையே கொஞ்சம் செலவழிக்கிறது. செலவான அந்தப் பகுதி, ஃபிலிமின் அடுக்குகளில் ஏற்கெனவே இருக்கும் கப்ளர் என்ற பொருளோடு சேர்ந்து சாயமாகிறது: ஓர் அடுக்கில் மஞ்சள், ஒன்றில் மெஜந்தா, ஒன்றில் சயான். பிறகு பிளீச் அந்த வெள்ளியைத் திரும்ப உப்பாக்குகிறது, ஃபிக்ஸர் அதைக் கரைத்து வெளியேற்றுகிறது. வீட்டில் கழுவ மருந்துகளைச் சேர்த்து விற்கும் கிட்கள் பலவற்றில் இந்த இரண்டும் ஒரே பாட்டிலில் வரும், அதற்குப் பெயர் பிளிக்ஸ். கடைசியில் உங்கள் கையில் மிஞ்சுவது சாயம் மட்டும்தான், ஒரு துளி வெள்ளிகூட இருக்காது. இது ஏன் முக்கியம் என்பதைச் சித்தப்பாவின் ரோலுக்கு வரும்போது சொல்கிறேன்.

சரி, வாங்குவதற்கு முன் ஒன்று. இரண்டே இரண்டு ரோலுக்காகக் கிட் வாங்காதீர்கள். ஒரு லிட்டர் பவுடர் கிட் வாங்கிக் கலக்கினால் அதன் டெவலப்பர் ஆறு வாரம் நல்ல நிலையில் இருக்கும், காற்றுப் புகாமல் வைத்தால் இரண்டு மாதம். அதற்குள் எட்டு ரோலாவது கழுவினால்தான் காசு கட்டும். நான் ஒரு லிட்டரில் பன்னிரண்டு ரோலோடு நிறுத்திவிடுவேன். அதற்கு மேலும் போகலாம் என்று சில கிட்களின் தாளில் இருக்கிறது, கடைசி ரோல்களில் நிறம் சோகை பிடித்து வருவதைப் பார்த்ததிலிருந்து எனக்கு அந்த ஆசை இல்லை. அதனால் எடுத்த ரோல்களைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் சேர்த்து வையுங்கள், எட்டோ பத்தோ சேர்ந்ததும் கலக்கி இரண்டு மூன்று வாரக் கடைசிகளில் முடித்துவிடுங்கள். வருடத்துக்கு மூன்று ரோல்தான் எடுப்பேன் என்றால் கூரியரே லாபம், வெட்கப்பட வேண்டியதில்லை.

தேவையானவை அதிகமில்லை. பேட்டர்சன் போன்ற ஒரு பிளாஸ்டிக் டேங்க், அதற்குள் போகும், ஃபிலிமைச் சுற்றி ஏற்றும் ரீல். ஒரு 35 மிமீ ரோலுக்கு 290 மில்லி மருந்து போதும் என்று டேங்கின் அடியிலேயே அச்சிட்டிருக்கும். கையை நுழைத்து இருட்டில் வேலை செய்யும் சேஞ்சிங் பேக். ஒரு நல்ல டிஜிட்டல் தெர்மாமீட்டர். மூன்று பாட்டில், இரண்டு அளவுக் குடுவை, ஒரு பெரிய பக்கெட். தண்ணீரை ஒரே சூட்டில் சுற்றவிடும் சூ-வீட் கம்பி ஆன்லைனில் கிடைக்கிறது, இருந்தால் சுகம், இல்லாவிட்டால் பக்கெட் வெந்நீர் போதும். மீன் தொட்டி ஹீட்டரை வாங்கிவிடாதீர்கள், பெரும்பாலானவை 34 டிகிரியோடு நின்றுவிடும். மருந்து கலக்க போர்வெல் தண்ணீர் வேண்டாம். டிஸ்டில்டு வாட்டர் கிடைக்கவில்லையே என்று அலைய வேண்டாம், பெட்ரோல் பங்க் பக்கத்துக் கடையில் பேட்டரி தண்ணீர் என்று கேட்டால் கொடுப்பார்கள், அதுவே போதும்.

மருந்தைவிட எனக்குத் தலைவலி கொடுத்தது ரீலில் ஃபிலிமை ஏற்றும் வேலை. எல்லோரும் டெவலப்பர் பற்றியே கேட்கிறார்கள், முதல் ரோல் பெரும்பாலும் இங்கேதான் போகும். சித்திரை வெயிலில், மின்விசிறி இல்லாத அறையில், கறுப்புப் பைக்குள் இரண்டு கைகளையும் முழங்கை வரை விட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் பைக்குள் மழைக்காலம். கை வேர்த்து, ஃபிலிம் ஈரமாகி, ரீலின் பள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும். பன்னிரண்டாவது படம் வரை சுற்றியிருக்கும், அதற்கு மேல் நகராது. பலம் கொடுத்துத் திருகினால் ஃபிலிம் மடிந்து பிறைபோல ஒரு கோடு விழும், அது படத்திலும் பிறையாகவே வரும். அப்படிச் சிக்கினால் சண்டை போடாதீர்கள். டேங்கையும் மூடியையும் முதலிலேயே பைக்குள் வைத்திருக்க வேண்டும், ரீலோடு ஃபிலிமை அப்படியே டேங்கில் போட்டு மூடிவிட்டு, கையை வெளியே எடுத்து, துடைத்துக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். நான் இப்போதெல்லாம் இந்த வேலையை விடியற்காலையில் அல்லது ஏசி அறையில்தான் செய்கிறேன். ஃபிலிமின் முன் முனையின் இரண்டு மூலைகளையும் கத்தரியால் லேசாக மழித்துவிட்டால் பாதிச் சிக்கல் போய்விடும். காலாவதியான ஒரு ரோலைப் பலி கொடுத்து, முதலில் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு பத்துத் தடவை, பிறகு கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை ஏற்றிப் பழகுங்கள். ரீலின் இரு பக்கத்தையும் முன்னும் பின்னும் திருகும்போது ஒரே சீராகச் சத்தம் வர வேண்டும். சத்தம் மாறினால் எங்கோ சிக்கியிருக்கிறது.

டேங்கை மூடியபின் எல்லாம் வெளிச்சத்தில்தான். பக்கெட்டில் 40 டிகிரி வெந்நீர், அதற்குள் மருந்து பாட்டில்களும் டேங்கும் கழுத்து வரை. டெவலப்பர் 38-ஐத் தொடும் வரை காத்திருங்கள், இருபது நிமிடமாவது ஆகும். முதலில் 38 டிகிரித் தண்ணீரை ஊற்றி ஒரு நிமிடம் ஊறவைத்துக் கொட்டுங்கள். கொட்டும் தண்ணீர் பச்சையாகவோ நீலமாகவோ வரும், முதல் தடவை எல்லோருக்கும் பகீரென்று இருக்கும். அது ஃபிலிமில் பூசியிருக்கும் ஒரு சாயம்தான், உங்கள் படம் இல்லை. பிறகு டெவலப்பர். ஊற்றியதும் பத்து விநாடி விடாமல் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், அப்புறம் ஒவ்வொரு முப்பது விநாடிக்கும் நான்கு தடவை, கவிழ்த்து முடித்ததும் டேங்கை லேசாகத் தட்டி காற்றுக் குமிழ்களை விரட்டி மறுபடி பக்கெட்டில். கிட்டைப் பொறுத்து 3 நிமிடம் 15 விநாடியோ மூன்றரை நிமிடமோ இருக்கும், கிட்டோடு வரும் தாளில் உள்ளதையே பின்பற்றுங்கள். மொத்தக் காரியத்தில் கடிகாரத்தைப் பார்த்துப் பயபக்தியோடு நிற்க வேண்டியது இந்த மூன்றரை நிமிடம் மட்டும்தான்.

அடுத்தது பிளிக்ஸ், எட்டு நிமிடம். இதில் சூடு முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை, நேரம் கூடினாலும் பரவாயில்லை. குறைந்தால்தான் கெடுதல்: வெள்ளி உள்ளேயே தங்கிவிடும், படம் அழுக்கடைந்து நிறம் வெளிறி வரும். அப்படி வந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு மாதம் கழித்துக்கூட அதே நெகட்டிவை நல்ல பிளிக்ஸில் மறுபடி ஊறவைக்கலாம், வெளிச்சத்திலேயே செய்யலாம், படம் மீண்டுவிடும். பிளிக்ஸ் ஊற்றியதும் உள்ளே வாயு உண்டாகி மூடியைத் தள்ளும், அதனால் முதல் சில கவிழ்ப்புக்குப் பின் மூடியின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி விடுங்கள், இல்லாவிட்டால் சட்டையில் தெறிக்கும். அந்தக் கறை போகாது. பிறகு மூன்று நான்கு நிமிடம் தண்ணீரில் அலசல், கடைசியாக ஒரு நிமிடம் ஸ்டெபிலைசர் என்ற முடிப்பு மருந்து. ஸ்டெபிலைசரில் ரீலோடு முக்காமல் ஃபிலிமை வெளியே எடுத்துத் தனிக் கிண்ணத்தில் முக்குங்கள். ரீலில் அது படிந்தால் அடுத்த தடவை ஃபிலிம் ஏறாது, பழி வேர்வை மேல் போகும்.

என் முதல் ரோல், அக்கா மகளின் காதுகுத்து. குலதெய்வம் கோவிலில் எடுத்தது. டேங்கைத் திறந்து பார்த்தால் ஃபிலிம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல மங்கலாக, சாக்கடை நிறத்தில் இருந்தது. அக்காவுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தபடியே கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் காய்ந்து பளிங்குபோல இருக்கிறது, உள்ளே குழந்தை வாயைத் திறந்து அழுவது அத்தனை துல்லியமாகத் தெரிகிறது. ஈரமாக இருக்கும்போது கலர் நெகட்டிவ் அப்படித்தான் தெரியும் என்று யாராவது சொல்லியிருந்தால் ஒரு மணி நேரப் பதற்றம் மிச்சமாகியிருக்கும், அதனால் உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.

நான் உண்மையிலேயே கெடுத்தது நான்காவது ரோலை. பாட்டில் மூடிகளை மாற்றிப் போட்டுவிட்டேன், அவ்வளவுதான். பிளிக்ஸ் மூடியில் ஒட்டியிருந்த சில துளிகள் டெவலப்பரில் கலந்து, ஒரு லிட்டரும் பாழ். ரோலில் பாதிப் படங்கள் பேய் மாதிரி நிழலாக நின்றன. இப்போது டெவலப்பர் பாட்டிலுக்குச் சிவப்பு மூடி, புனலும் குடுவையும் தனித்தனி. டெவலப்பரிலிருந்து பிளிக்ஸுக்குப் போனால் சமாளிக்கலாம், பிளிக்ஸிலிருந்து டெவலப்பருக்கு ஒரு துளியும் போகக் கூடாது.

காய வைப்பதில் இரண்டு பிரச்சினை. ஒன்று உப்புத் தண்ணீர்: கடைசி அலசல் போர்வெல் தண்ணீரில் செய்தால் வட்ட வட்டமாகக் கறை நிற்கும், அதனால் ஸ்டெபிலைசரையும் பேட்டரி தண்ணீரில்தான் கலக்க வேண்டும். இரண்டாவது தூசி. குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் ஆவி பரவச் செய்தால் காற்றில் இருக்கும் தூசி அடங்கும், பிறகு துணி கிளிப்பில் தொங்கவிட்டு, கீழ் முனையில் இன்னொரு கிளிப்பைக் கனத்துக்கு மாட்டி, கதவைச் சாத்திவிடுங்கள். மின்விசிறி கூடாது. வீட்டில் இருப்பவர்களிடம் குளியலறை இரண்டு மணி நேரம் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது குடும்ப அமைதிக்கு நல்லது.

கையுறை போடாமல் இதில் இறங்காதீர்கள். கலர் டெவலப்பரில் இருக்கும் சிடி-4 தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும், ஒரு தடவை வந்துவிட்டால் அப்புறம் கொஞ்சம் பட்டாலே அரிக்கும். பவுடர் கலக்கும்போது முகக்கவசம், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். சமையலறைக் கரண்டியும் டம்ளரும் இந்த வேலைக்கு வந்தால் திரும்ப சமையலறைக்குப் போகக் கூடாது. தீர்ந்துபோன பிளிக்ஸில் வெள்ளி இருக்கிறது, அதைச் செடிக்கோ கிணற்றுப் பக்கமோ ஊற்றாதீர்கள். நான் கேனில் சேர்த்து வைத்து, எக்ஸ்ரே ஃபிக்ஸரிலிருந்து வெள்ளி எடுப்பவர் ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

ஸ்கேனுக்கு வருவோம். கழுவுவதில் நாற்பது நிமிடம் போகிறது என்றால் ஸ்கேனில் மாலை முழுக்கப் போகும், படம் நன்றாக வருவதும் கெடுவதும் பெரும்பாலும் இங்கேதான். டிஜிட்டல் கேமராவும் மேக்ரோ லென்ஸும் யாரிடமாவது இருந்தால் தனி ஸ்கேனர் வாங்க வேண்டாம். நல்ல தரமான எல்இடி வெளிச்சப் பலகை, அதன்மேல் ஃபிலிமைத் தட்டையாகப் பிடிக்கும் ஹோல்டர், மேலிருந்து செங்குத்தாகக் கேமரா, லென்ஸ் திறப்பு எஃப்/8, கேமரா சுருக்காமல் தரும் ரா ஃபைல். அறை விளக்கை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஃபிலிமின் பளபளப்பில் உங்கள் கூரையே தெரியும். 35 மிமீ ஃபிலிமுக்கு 24 மெகாபிக்சல் போதும். மந்தமான பக்கம் லென்ஸைப் பார்க்க வைத்து எடுத்தால் படம் இடம் வலம் மாறி வரும், கணினியில் திருப்பிக்கொள்ளலாம். திருப்ப மறந்து பகிர்ந்துவிட்டால் பேருந்துப் பலகையில் ஊர்ப் பெயர் கண்ணாடியில் பார்ப்பதுபோல இருக்கும், நீங்கள் கவனிக்காவிட்டாலும் மாமா ஒருவர் கவனிப்பார்.

கலர் நெகட்டிவ் ஆரஞ்சாக இருப்பதைப் பார்த்து ஏதோ தவறாகக் கழுவிவிட்டோம் என்று பலர் நினைக்கிறார்கள். அது வேண்டுமென்றே வைத்தது. சயான், மெஜந்தா சாயங்கள் தாங்கள் தடுக்க வேண்டிய வெளிச்சத்தோடு மற்றதையும் கொஞ்சம் தடுத்துவிடுகின்றன, அந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஆரஞ்சு அடித்தளம். அதனால் படத்தின் நிறங்களை அப்படியே தலைகீழாக்கினால் எல்லாம் நீலம் பூத்துக் கிடக்கும். படத்துக்கும் படத்துக்கும் இடையில் ஒன்றும் பதியாத ஆரஞ்சுப் பட்டையைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் எடுத்துவிட்டு, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியாக இருட்டு, வெளிச்ச முனைகளை இழுத்துச் சேர்த்து, அப்புறம் தலைகீழாக்க வேண்டும். கையால் செய்யப் பொறுமை இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிளில் நெகடாக்டர் என்று ஒரு கருவி இருக்கிறது, இதற்காகவே எழுதியது. லைட்ரூம் வைத்திருப்பவர்கள் நெகட்டிவ் லேப் புரோ வாங்கிக்கொள்கிறார்கள், வேகம் அதிகம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எந்தத் தானியங்கிக் கருவியும் முகத்தைப் பார்த்தால் வெளுக்கப் பார்க்கும். இது புதிதும் இல்லை. பிரிண்ட் போடும் லேப்களில் நிறத்தைச் சரிபார்க்கக் கோடக் அனுப்பிய மாதிரி அட்டைகளில் பல வருடங்களுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் இருந்தது, அந்த அட்டைக்கு ஷெர்லி கார்டு என்றே பெயர். அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. நம் வீட்டு ஆல்பங்களில் மாநிறமான அத்தைகள் எல்லாம் ஒன்று சாம்பல் பூத்து, இல்லாவிட்டால் ரோஸ் பவுடர் பூசியதுபோல இருந்ததற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம். உங்கள் கையில் ஸ்கேன் இருக்கும்போது அதை மறுபடி செய்யாதீர்கள். வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கி, நீலத்தைக் குறைத்து, ஆளின் உண்மையான நிறம் வரும் வரை நகர்த்துங்கள். எடுக்கும்போதே கேமராவில் ஃபிலிம் வேகத்தை 200-க்குப் பதில் 100 என்று வைத்து எடுத்தால் இன்னும் நல்லது. நெகட்டிவ் ஃபிலிம் அதிக வெளிச்சத்தைத் தாங்கும், குறைந்த வெளிச்சத்தைத் தாங்காது, கறுத்த முகத்தின் நிழல் பக்கத்துக்கு அந்த ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு வெளிச்சம், தேவைப்படும்.

இதிலிருந்து வருவதுதான் பகிரும்போது கிளம்பும் அந்த ஓயாத சண்டை: எடிட் செய்யாத அசல் ஃபிலிம் நிறம் எது? அப்படி ஒன்று கிடையாது. நெகட்டிவில் இருப்பது தலைகீழான ஆரஞ்சுப் படம், அதை நிமிர்த்தும் ஒவ்வொருவரும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். லேபில் இருக்கும் ஃபியூஜி ஃபிரன்டியர் ஸ்கேனரில் ஒரு முடிவு, நோரிட்சுவில் வேறொரு முடிவு, அதன் முன் உட்கார்ந்திருப்பவரின் அன்றைய மனநிலை ஒரு முடிவு. நீங்கள் இணையத்தில் பார்த்து ஆசைப்பட்ட போர்ட்ரா நிறம் பாதிக்கு மேல் ஸ்கேனரின் நிறம். அதனால் எடிட் செய்யவில்லை என்று பெருமையாக எழுதவும் வேண்டாம், செய்தேன் என்று கூசவும் வேண்டாம். எந்த ஃபிலிம், எந்தக் கேமரா, வீட்டில் கழுவியதா லேபா, எதில் ஸ்கேன் செய்தது என்று ஒரு வரி போடுங்கள், பார்ப்பவருக்கு அதுதான் உதவும். ஸ்கேன் ஃபைலுக்குள் உங்கள் டிஜிட்டல் கேமராவின் பெயரும் ஸ்கேன் செய்த தேதியும்தான் பதிந்திருக்கும், முடிந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் போன பொங்கலுக்கு எடுத்த படம் ஆடி மாதத்துக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும், பத்து வருடம் கழித்து உங்களுக்கே குழப்பம் வரும்.

சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாதீர்கள், டாக்குமென்ட் என்று அனுப்புங்கள். ஃபிலிமின் கிரெயின் என்ற பொடிப் புள்ளிகளுக்கும் வாட்ஸ்அப்பின் சுருக்கலுக்கும் ஜென்மப் பகை, கிரெயினை அது அழுக்கு என்று நினைத்துக் குழைத்து மாவாக்கிவிடும். பொதுவில் போடுவதற்கு நீளப் பக்கம் 2048 பிக்சல், நிற அமைப்பு எஸ்ஆர்ஜிபி, அவ்வளவு போதும். முப்பத்தாறு படத்தையும் கொட்டாதீர்கள், எட்டுக்கு மேல் யாரும் பார்ப்பதில்லை. இன்னொன்று, பக்கத்து வீட்டுப் பாட்டியையோ வேலையில் இருக்கும் ஒருவரையோ எடுத்திருந்தால் போடுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எடுத்து மூன்று மாதம் கழித்து வரும் படம் என்பதால் எடுத்ததே அவருக்கு நினைவிருக்காது. ஆனால் பெரியவர்களுக்கு இதெல்லாம் எதுவும் வேண்டாம், மேக்சி சைஸில் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுங்கள். ஃபிலிம் கழுவும் இயந்திரத்தைத் தூக்கிப் போட்ட பல ஸ்டுடியோக்களில் பிரிண்ட் போடும் இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, கல்யாண ஆல்பங்களின் புண்ணியத்தில்.

ஸ்கேன் முடிந்ததும் நெகட்டிவைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைக்காதீர்கள். ஆறு ஆறாக வெட்டி உறையில் போட்டு, சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் மூடி வையுங்கள். நம் ஈரக் காற்றில் பூஞ்சை ஒரே மழைக்காலத்தில் வந்துவிடும்.

கடைசியாகச் சித்தப்பாவின் பாதி ஓடிய ரோல். எம்எஃப்-2 எண்பதுகளின் கேமரா, அப்போது கலர் நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் சி-41 என்றாகிவிட்டது, அதனால் உள்ளே இருப்பது கலர் நெகட்டிவாக இருந்தால் அநேகமாக உங்கள் கிட்டிலேயே கழுவிவிடலாம். பழைய ரோல் என்பதால் மூட்டமாக, நிறம் சாய்ந்துதான் வரும், கழுவும் நேரத்தை மாற்றாதீர்கள், ஸ்கேனில் பார்த்துக்கொள்ளலாம். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸிலிருந்து இந்து என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் வந்துகொண்டிருந்தது, உள்ளே அதுவோ வேறு ஏதாவது கறுப்பு வெள்ளை ரோலோ இருந்தால் அதை இந்தக் கிட்டில் போட்டுவிடக் கூடாது. மேலே சொன்னேன் இல்லையா, பிளிக்ஸ் வெள்ளியை முழுக்க எடுத்துவிடும் என்று. கறுப்பு வெள்ளையில் படம் என்பதே வெள்ளிதான், அதனால் கண்ணாடிபோல வெறும் ஃபிலிம்தான் வெளியே வரும், திரும்பப் பெற வழியே இல்லை. ரோலின் உலோக டப்பா மேல் சி-41 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கழுவுங்கள், இல்லையென்றால் தனியாக வையுங்கள். ஆனால் அதைப் பார்க்கிற அவசரத்தில் கேமராவின் பின் கதவைத் திறந்துவிடாதீர்கள். அடியில் இருக்கும் சின்னப் பித்தானை அழுத்திக்கொண்டு, ரீவைண்ட் பிடியை மெதுவாகச் சுற்றுங்கள். இத்தனை வருடம் ஒரே இடத்தில் வளைந்து கிடந்த ஃபிலிம், வேகமாக இழுத்தால் கிழியும். பிடி திடீரென்று லேசாகி, காற்றில் சுற்றுவதுபோல ஆனதும் நிறுத்துங்கள். கதவைத் திறப்பது அதற்குப் பிறகுதான், அதையும் முதல் தடவை சேஞ்சிங் பேக்குக்குள்ளேயே திறந்து பாருங்கள்.